ஹைட்ரஜன் பிளப்பில் வினையூக்கியின் அமிலத்தன்மை

ஹைட்ரஜன் பிளப்பு என்பது கச்சா எண்ணெயின் கனமான பகுதிகளை உயர் அழுத்த ஹைட்ரஜன் சூழலில் வினையூக்கியின் துணையோடு சிறிய மூலக்கூறுகளாக உடைத்து, டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், நாப்தா போன்றவற்றைப் பெறும் செயல்முறையாகும். சுத்திகரிப்பு ஆலைகளில் இது ஹைட்ரோகிராக்கிங் என்றே வழங்கப்படுகிறது. இதில் பயன்படும் வினையூக்கிக்கு இரண்டு பணிகள் உண்டு. அதன் உலோகப் பகுதி ஹைட்ரஜனைச் சேர்க்கவும் நீக்கவும் செய்கிறது. அமிலப் பகுதி கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்கிறது. எனவே இது இரட்டைச் செயல் வினையூக்கி எனப்படுகிறது.

பிணைப்பை உடைப்பது அமிலம் என்பதால், அமிலத்தன்மை கூடக்கூட வினையூக்கியின் தரமும் கூடும் என்று தோன்றலாம். உண்மை அப்படியன்று. அமிலத்தன்மை மிகுந்தால் டீசலாக நிற்க வேண்டிய மூலக்கூறு மேலும் உடைந்து சமையல் எரிவாயுவாகிவிடும். விலை உயர்ந்த ஹைட்ரஜன் வீணாகும். வினையூக்கியின் மேல் கல்கரி படியும். அமிலத்தன்மை குறைந்தால் வினைக்கு அதிக வெப்பநிலை தேவைப்படும். வினையூக்கி விரைவில் மாற்றப்பட வேண்டியதாகும். அமில மையங்கள் எத்தனை, அவை எவ்வளவு வலிமையானவை, எங்கே உள்ளன, அருகில் உள்ள உலோகத்தின் திறன் என்ன என்னும் நான்கும் சேர்ந்தே ஆலையின் விளைபொருளைத் தீர்மானிக்கின்றன.

கனமான பகுதிகள்

கச்சா எண்ணெயைச் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் காய்ச்சி வடித்த பின் அடியில் தங்கும் எண்ணெயை, வெற்றிடத்தில் மீண்டும் காய்ச்சி வடிப்பர். அப்போது கிடைக்கும் வெற்றிட வாயு எண்ணெயே ஹைட்ரஜன் பிளப்பின் முதன்மையான மூலப்பொருள். இதன் கொதிநிலை ஏறத்தாழ 350 முதல் 550 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மூலக்கூறுகளில் பெரும்பாலும் 20 முதல் 45 வரை கார்பன் அணுக்கள் உள்ளன. நீண்ட தொடர் ஆல்கேன்கள், வளைய ஆல்கேன்கள், பல வளையங்கள் ஒட்டிய அரோமேட்டிக் சேர்மங்கள் ஆகியவை இதில் கலந்திருக்கும். இவற்றோடு கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களும் உண்டு.

வினை பொதுவாக 350 முதல் 430 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும், 80 முதல் 200 பார் அழுத்தத்திலும் நடைபெறுகிறது. ஹைட்ரஜன் இல்லாமல் நடக்கும் வினையூக்கிப் பிளப்புக்கு 500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பநிலை தேவை. அதில் வினையூக்கி சில நொடிகளிலேயே கல்கரியால் மூடப்படுவதால் தொடர்ந்து எரித்துத் தூய்மை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஹைட்ரஜன் பிளப்பிலோ ஒரு முறை நிரப்பிய வினையூக்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை உழைக்கிறது.

வரலாறு

நிலக்கரியை உயர் அழுத்த ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்து எண்ணெயாக்கும் முறைக்கு ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரெட்ரிக் பெர்கியுஸ் 1913-இல் காப்புரிமை பெற்றார். உயர் அழுத்த வேதியியலுக்காக அவருக்கும் கார்ல் போஷுக்கும் 1931-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1927-இல் லாய்னா நகரில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது.

அங்குப் பயன்பட்ட வினையூக்கிகளின் கதை இக்கட்டுரையின் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் மத்தியாஸ் பியர் தலைமையிலான குழு முதலில் தூய டங்ஸ்டன் சல்பைடைப் பயன்படுத்தியது. 5058 என்ற எண்ணால் அறியப்பட்ட இந்த வினையூக்கிக்கு ஹைட்ரஜனேற்றும் திறன் மிக அதிகம். அதனால் அரோமேட்டிக் வளையங்கள் நிறைவுற்ற வளையங்களாகி, கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் எண் தாழ்ந்தது. பின்னர் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் பதப்படுத்திய களிமண்ணின் மீது சிறிதளவு டங்ஸ்டன் சல்பைடைப் படியச் செய்து 6434 என்ற வினையூக்கியை உருவாக்கினர். களிமண்ணின் அமிலத்தன்மையால் பிளப்பும் கிளைத்தலும் கூடி, ஆக்டேன் எண் உயர்ந்தது. ஆனால் மூலப்பொருளில் இருந்த நைட்ரஜன் சேர்மங்கள் இப்புதிய வினையூக்கியை எளிதில் செயலிழக்கச் செய்தன. ஆகவே முதலில் 5058-ஆல் நைட்ரஜனை நீக்கி, அதன்பின் 6434-ஆல் பிளக்கும் இரு கட்ட முறை பின்பற்றப்பட்டது. இன்றைய ஆலைகளின் அமைப்பும் அடிப்படையில் இதுவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான கச்சா எண்ணெய் பெருகியதால் இம்முறை பின்தங்கியது. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் புதிய வினையூக்கிகளுடன் அது மீண்டும் வளர்ந்தது. 1960களில் ஜியோலைட்டுகள் பயன்பாட்டுக்கு வந்ததும் வினையூக்கியின் அமிலத்தன்மையைத் திட்டமிட்டு அமைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

திண்ம அமிலம்

வினையூக்கியின் அமிலத்தன்மை என்றதும் திரவ அமிலம் நினைவுக்கு வரக்கூடும். இங்குப் பேசப்படுவது திண்மப் பொருளின் மேற்பரப்பில் உள்ள அமில மையங்கள். அவை இரு வகைப்படும்.

பிரான்ஸ்டெட் அமில மையம் என்பது புரோட்டானைக் கொடுக்க வல்லது. சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் அமைந்த சட்டகத்தில் ஒரு சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் அமர்ந்தால், நான்கு இணைதிறனுக்குப் பதில் மூன்று இணைதிறன் மட்டுமே இருப்பதால் அவ்விடத்தில் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுசெய்ய, சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் உள்ள ஆக்சிஜன் அணுவின் மேல் ஒரு புரோட்டான் வந்து அமர்கிறது. இந்தப் புரோட்டானே பிளப்பைத் தொடங்கி வைப்பது. ஆகவே சட்டகத்தில் உள்ள அலுமினிய அணுக்களின் எண்ணிக்கையே அமில மையங்களின் எண்ணிக்கைக்கு மேல் வரம்பாகும்.

லூயி அமில மையம் என்பது இலத்திரன் இணையை ஏற்க வல்லது. சட்டகத்தை விட்டு வெளியேறிய அலுமினியமும், அலுமினாவின் மேற்பரப்பில் முழுமையாகச் சூழப்படாத அலுமினிய அணுக்களும் இவ்வகையின. ஹைட்ரஜன் பிளப்பில் முதன்மைப் பங்கு பிரான்ஸ்டெட் மையங்களுடையது. அருகிலுள்ள லூயி மையங்கள் சில நேரம் பிரான்ஸ்டெட் மையத்தின் வலிமையைக் கூட்டுவதும் உண்டு.

வினை நடைபெறும் வழி

ஓர் ஆல்கேன் மூலக்கூறு வினையூக்கியில் கடந்து செல்லும் படிகள் பின்வருமாறு:

1. உலோக மையத்தில் ஆல்கேன் ஹைட்ரஜனை இழந்து ஆல்கீனாகிறது.
2. ஆல்கீன் நுண்துளைகள் வழியே விரவிச் சென்று அமில மையத்தை அடைகிறது.
3. அங்கு ஒரு புரோட்டானை ஏற்று, கார்பன் நேர் அயனியாகிறது.
4. நேர் அயனியின் கார்பன் தொடர் மாற்றியமைந்து, கிளைத்த வடிவம் பெறுகிறது.
5. கிளைத்த அயனி உடைந்து, ஒரு சிறிய ஆல்கீனையும் ஒரு சிறிய நேர் அயனியையும் தருகிறது.
6. நேர் அயனி தன் புரோட்டானை மையத்திடமே திருப்பிக் கொடுத்து ஆல்கீனாகிறது. ஆல்கீன்கள் உலோக மையத்தை அடைந்து ஹைட்ரஜனை ஏற்று, நிறைவுற்ற ஆல்கேன்களாகின்றன.

முதல் படியும் இறுதிப் படியும் உலோகத்தின் வேலை; நடுவில் உள்ளவை அமிலத்தின் வேலை. உயர் அழுத்த ஹைட்ரஜன் சூழலில் ஆல்கீனின் செறிவு எப்போதும் மிகக் குறைவாகவே இருக்கும். இதுவே இம்முறையின் பலம். ஆல்கீன்கள் குவிந்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி, இறுதியில் கல்கரியாகும்.

அரோமேட்டிக் சேர்மங்களின் பாதை சற்று வேறானது. உறுதியான அரோமேட்டிக் வளையத்தை அமிலத்தால் நேரடியாக உடைக்க முடியாது. பல வளையங்கள் ஒட்டிய மூலக்கூறில் முதலில் ஓரத்து வளையம் உலோகத்தால் ஹைட்ரஜனேற்றப்பட்டு நிறைவுறும். அந்த ஆறு கார்பன் வளையம் அமில மையத்தில் ஐந்து கார்பன் வளையமாகச் சுருங்கி, அதன் பின்பே திறக்கும். பல மெத்தில் தொகுதிகள் கொண்ட பென்சீன் சேர்மங்களில் வேறொரு வினையும் நிகழ்கிறது. வளையம் சுருங்குவதும் விரிவதுமாகப் பக்கத் தொகுதிகளை ஒன்றுசேர்த்து, ஐசோபியூட்டேனாகச் சீவி வெளியேற்றுகிறது. வளையம் உடையாமல் எஞ்சுகிறது. சல்லிவனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1961-இல் இவ்வினையை வெளியிட்டனர்.

பீட்டா பிளவும் விளைபொருட்களும்

நேர்மின்சுமை தாங்கிய கார்பனுக்கு அடுத்த கார்பனையும் அதற்கடுத்த கார்பனையும் இணைக்கும் பிணைப்பே உடைகிறது. இது பீட்டா பிளவு எனப்படும். உடைவதற்கு முன்னும் பின்னும் உள்ள நேர் அயனிகள் எவ்வளவு நிலைப்புத்தன்மை உடையவையோ அவ்வளவு வேகமாக இவ்வினை நடக்கும். மூவிணைய அயனி உடைந்து மற்றொரு மூவிணைய அயனியைத் தருவது மிக வேகமானது. ஆனால் அதற்கு மூலக்கூறில் குறிப்பிட்ட இடங்களில் மூன்று கிளைகளும், குறைந்தது 8 கார்பன் அணுக்களும் இருக்க வேண்டும். ஈரிணைய அயனிகள் மட்டும் பங்குபெறும் பிளவு மிக மெதுவானது. ஓரிணைய அயனியைத் தரும் பிளவு ஏறக்குறைய நிகழ்வதில்லை.

இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, நேரான தொடர் முதலில் கிளைத்து, பின்னர்தான் உடைகிறது. இரண்டாவது, தொடரின் நுனியில் உடைவது அரிது. எனவே மீத்தேனும் ஈத்தேனும் மிகக் குறைவாகவே உண்டாகும். மூன்றாவது, தொடர் நீளமாக இருந்தால் மும்முறை கிளைக்க வழி அதிகம். எனவே பெரிய மூலக்கூறுகள் முதலில் உடைகின்றன, சிறியவை தப்பிக்கின்றன.

உலோகமும் அமிலமும் நன்கு பொருந்திய வினையூக்கியில் 16 கார்பன் கொண்ட ஹெக்ஸாடெக்கேனைச் செலுத்தினால், ஒரே முறை உடைந்த துண்டுகளே பெரும்பாலும் கிடைக்கும். 4 கார்பன் துண்டு எவ்வளவோ அதே அளவு 12 கார்பன் துண்டு, 6 கார்பன் துண்டு எவ்வளவோ அதே அளவு 10 கார்பன் துண்டு என்று விளைபொருட்கள் 8 கார்பனை நடுவாகக் கொண்டு சமச்சீராகப் பரவியிருக்கும். இதை ஆய்வாளர்கள் இலட்சிய ஹைட்ரஜன் பிளப்பு என்கின்றனர். சிறிய துண்டுகளின் பக்கம் மேடு சாய்ந்திருந்தால், ஒரு முறை உடைந்தவை மீண்டும் உடைந்துள்ளன என்று பொருள். அமிலம் உலோகத்தை விஞ்சிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சமநிலையும் ஹைட்ரஜன் கணக்கும்

அமில மையங்களுக்குத் தேவையான ஆல்கீனை உலோகம் உடனுக்குடன் தர வேண்டும். அங்கிருந்து வரும் ஆல்கீனை உடனுக்குடன் நிறைவுறச் செய்யவும் வேண்டும். உலோகத்தின் திறன் போதாதபோது, ஆல்கீன் அடுத்த உலோக மையத்தை அடையும் முன் பல அமில மையங்களைச் சந்திக்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் மீண்டும் உடைய வாய்ப்பு உண்டு.

இதன் விலையை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை உடைத்து இரு முனைகளையும் நிறைவுறச் செய்ய ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு செலவாகிறது. 32 கார்பன் கொண்ட ஆல்கேன் ஒருமுறை நடுவில் உடைந்தால் டீசலுக்கு ஏற்ற 16 கார்பன் மூலக்கூறுகள் இரண்டு கிடைக்கும். செலவு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. அதே ஆல்கேன் 4 கார்பன் கொண்ட எட்டுத் துண்டுகளானால் 7 பிணைப்புகள் உடைகின்றன. செலவு 7 ஹைட்ரஜன் மூலக்கூறுகள். ஒரு டன் மூலப்பொருளுக்குக் கணக்கிட்டால் முதல் வழியில் ஏறத்தாழ 4.5 கிலோ, இரண்டாம் வழியில் ஏறத்தாழ 31 கிலோ ஹைட்ரஜன் தேவை. கிடைப்பதோ முதல் வழியில் டீசல், இரண்டாம் வழியில் பியூட்டேன் வாயு.

சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையோ நாப்தாவையோ நீராவியுடன் வினைபுரியச் செய்து பெறப்படுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. எனவே அமிலத்தன்மையைச் சரியாக அமைப்பது ஆலையின் வருவாயோடு சுற்றுச்சூழலையும் தொடும் செய்தியாகும்.

எண்ணிக்கை, வலிமை, அணுகத்தக்க தன்மை

ஹைட்ரஜன் பிளப்பில் மிகுதியாகப் பயன்படுவது ஒய் வகை ஜியோலைட். இதன் ஓர் அலகுக் கூட்டில் சிலிக்கானும் அலுமினியமுமாக 192 அணுக்கள் உள்ளன. நேரடியாகத் தயாரிக்கும்போது சிலிக்கான்–அலுமினிய விகிதம் ஏறத்தாழ 2.5. அதாவது 192-இல் ஏறத்தாழ 55 அலுமினியம். இந்த நிலையில் ஜியோலைட் நீராவி வெப்பத்தைத் தாங்காது. அமில மையங்களும் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கும்.

ஆகவே அதிலுள்ள சோடியத்தை அம்மோனியம் அயனிகளால் மாற்றீடு செய்து, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவியில் பதப்படுத்துவர். அலுமினியத்தின் ஒரு பகுதி சட்டகத்தை விட்டு வெளியேற, அவ்விடங்களைச் சிலிக்கான் நிரப்பும். இவ்வாறு கிடைப்பது மிகுநிலைப்பு ஒய் ஜியோலைட். அலுமினியம் சிலிக்கானைவிடப் பெரியதாகையால், அது வெளியேற வெளியேற அலகுக் கூடு சுருங்கும். 2.465 நானோமீட்டர் அளவிலிருந்த கூடு 2.43 நானோமீட்டருக்கும் கீழே இறங்கலாம். இந்த அளவை எக்ஸ் கதிர் விளிம்பு விலகலால் அறிந்து, வினையூக்கி எவ்வகை விளைபொருளுக்கு ஏற்றது என்று முன்கூட்டியே கணிக்கின்றனர். கூடு சுருங்கச் சுருங்க டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் பங்கு கூடும். நாப்தாவின் பங்கு குறையும்.

சிலிக்கான்–அலுமினிய விகிதம் 30 ஆனால் அலகுக் கூட்டில் ஏறத்தாழ 6 அலுமினிய அணுக்களே எஞ்சும். மையங்களின் எண்ணிக்கை ஒன்பதில் ஒரு பங்காகிறது. ஆனால் அருகில் வேறு அலுமினியம் இல்லாமல் தனித்து நிற்கும் மையத்தின் புரோட்டான் எளிதில் பிரியக்கூடியது. எனவே தனித்தனி மையத்தின் வலிமை கூடுகிறது. எண்ணிக்கையும் வலிமையும் எதிரெதிர்த் திசையில் செல்வதால், அமிலத்தன்மையை ஒற்றை எண்ணால் கூறுவது பொருளற்றது. மையங்கள் தொலைவில் இருப்பதால் ஓர் ஆல்கீன் அடுத்தடுத்து உடையும் வாய்ப்பு குறைகிறது என்பதே விளைச்சலுக்குக் கிடைக்கும் ஆதாயம்.

மூன்றாவது கூறு அணுகத்தக்க தன்மை. ஒய் ஜியோலைட்டின் நுழைவாயில் 0.74 நானோமீட்டர் அகலமே உடையது. வெற்றிட வாயு எண்ணெயில் உள்ள பல வளைய மூலக்கூறுகளில் பல இதில் நுழைய முடியாது. உள்ளே எத்தனை அமில மையங்கள் இருந்தாலும் அவற்றுக்கு அவை இல்லாதது போலவே. நுழைந்தவையும் உடைந்த பின் வெளியேறத் தாமதித்தால் மீண்டும் உடையும். நீராவிப் பதப்படுத்தலும், தொடர்ந்து செய்யும் அமிலக் கழுவலும் ஜியோலைட்டின் உடலில் 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான இடைத்துளைகளை உண்டாக்குகின்றன. பெரிய மூலக்கூறுகள் உள்ளே வரவும், விளைபொருட்கள் விரைந்து வெளியேறவும் இவை வழி தருகின்றன.

வினையூக்கி வகைகள்

படிக வடிவமற்ற சிலிக்கா–அலுமினா: மிதமான அமிலத்தன்மையும் அகலமான துளைகளும் உடையது. டீசல் விளைச்சல் மிக அதிகம். ஆனால் செயல்திறன் குறைவு. எனவே அதிக வெப்பநிலையில் இயக்க வேண்டும்.

ஜியோலைட் மிகுந்த வினையூக்கி: அமிலத்தன்மை அதிகம். குறைந்த வெப்பநிலையில் இயங்கும். நீண்ட காலம் உழைக்கும். விளைபொருளில் நாப்தாவும் வாயுக்களும் மிகும். பெட்ரோல் தேவை அதிகமுள்ள இடங்களுக்கு ஏற்றது.

கலப்பு வினையூக்கி: சிலிக்கா–அலுமினாவில் சிறிதளவு அலுமினியம் நீக்கிய ஒய் ஜியோலைட்டைக் கலப்பது. செயல்திறனும் டீசல் விளைச்சலும் இயன்றவரை ஒருங்கே கிடைக்கும்.

மிதமான அமிலத்தன்மை கொண்ட குறுந்துளைப் பொருட்கள்: சாப்போ-11 என்னும் சிலிக்கோஅலுமினோபாஸ்பேட் இதற்குச் சான்று. பிளாட்டினத்துடன் சேரும்போது இது மெழுகுத் தொடர்களைக் கிளைக்கச் செய்வதோடு நின்றுவிடுகிறது, பெருமளவு உடைப்பதில்லை. 1990கள் முதல் உயர்தர உயவு எண்ணெய் தயாரிக்க இம்முறை பயன்படுகிறது. மேலே கூறிய படிகளில் நான்காம் படியில் வினையை நிறுத்த, அமிலத்தைக் குறைப்பதே வழி என்பதை இது காட்டுகிறது.

உலோகப் பகுதியாக நிக்கல்–மாலிப்டினம், நிக்கல்–டங்ஸ்டன் ஆகியவற்றின் சல்பைடுகள் பரவலாகப் பயன்படுகின்றன. பிளாட்டினமும் பல்லேடியமும் இவற்றைவிட வலிமையான ஹைட்ரஜனேற்றிகள். ஆனால் கந்தகத்தைத் தாங்காதவை. எனவே அவற்றைத் தூய்மையான மூலப்பொருளுக்கே பயன்படுத்த இயலும்.

நைட்ரஜனின் தாக்கம்

வெற்றிட வாயு எண்ணெயில் உள்ள குயினோலின், அக்ரிடின் போன்ற நைட்ரஜன் சேர்மங்கள் காரத்தன்மை உடையவை. காரம் அமிலத்தைத் தேடிச் செல்லும். இவை அமில மையங்களை இறுகப் பற்றிக்கொள்வதால், ஹைட்ரோகார்பனுக்கு இடம் கிடைப்பதில்லை. எனவே பிளப்புக் கலனுக்கு முன்னால் ஒரு ஹைட்ரஜன் சுத்திகரிப்புக் கலன் வைக்கப்படுகிறது. அதில் அலுமினா மீது அமைந்த நிக்கல்–மாலிப்டினம் சல்பைடு, நைட்ரஜனை அம்மோனியாவாகவும் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாகவும் மாற்றுகிறது.

அம்மோனியாவும் ஒரு காரமே. ஆனால் பெரிய நைட்ரஜன் சேர்மங்களைவிட எளிதாக மையத்தை விட்டு விலகக்கூடியது. ஒற்றைக் கட்ட ஆலையில் அம்மோனியா பிரிக்கப்படாமல் அடுத்த கலனுக்குள் செல்கிறது. அங்கு வினையூக்கி தன் அமில மையங்களில் ஒரு பகுதி எப்போதும் மூடப்பட்ட நிலையிலேயே வேலை செய்கிறது. இதை ஈடுசெய்ய வெப்பநிலையை உயர்த்துவர். பலனாக டீசல் விளைச்சல் சற்றுக் கூடுவதும் உண்டு. இரு கட்ட ஆலையில் அம்மோனியா பிரிக்கப்பட்ட பின்பே எண்ணெய் இரண்டாம் கட்டத்துக்குச் செல்கிறது. அதே வினையூக்கி அங்குக் குறைந்த வெப்பநிலையிலேயே தீவிரமாகச் செயல்படும். ஆகவே ஒரு வினையூக்கியின் அமிலத்தன்மை அதன் பையில் எழுதியிருப்பதை மட்டும் பொறுத்ததன்று. அது இருக்கும் சூழலையும் பொறுத்தது.

இந்தப் பண்பை ஆலைகள் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. புதிய ஜியோலைட் வினையூக்கியை முதன்முதலில் இயக்கும்போது அதன் தீவிரத்தைத் தணிக்க, அம்மோனியாவைத் திட்டமிட்டுச் செலுத்துவர். வினை நிலைபெற்ற பின் அதை நிறுத்திவிடுவர்.

கல்கரிப் படிவும் நிரந்தர இழப்பும்

அமில மையங்களில் ஆல்கீன்களும் அரோமேட்டிக் சேர்மங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, ஹைட்ரஜன் குறைந்த கனமான படிவாகின்றன. வலிமையான மையங்கள் நெருங்கியிருக்கும் இடங்களில் இது விரைவாக நடக்கும். உடையாத எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கலனுக்குள் செலுத்தும் ஆலைகளில், ஏழு வளையங்கள் கொண்ட கொரோனீன் போன்ற பல வளையச் சேர்மங்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை வெளியேற்றச் சுழற்சி எண்ணெயில் ஒரு சிறு பகுதியைத் தொடர்ந்து வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

அமிலத்தன்மையின் இழப்பு இரு வகைப்படும். அம்மோனியாவால் வரும் இழப்பு தற்காலிகமானது. கல்கரியால் வந்ததையும், குறைந்த ஆக்சிஜன் கலந்த வாயுவில் கவனமாக எரித்துப் பெரும்பாலும் மீட்கலாம். சோடியம் கலந்தால் அது புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது மீட்க முடியாத இழப்பு. எரிக்கும்போது வெப்பநிலை மிகுந்து நீராவியும் சேர்ந்தால் அலுமினியம் சட்டகத்தை விட்டு வெளியேறும். இதுவும் நிரந்தர இழப்பே. தயாரிப்பில் அளவோடு செய்தால் நன்மை தரும் அதே வினை, இங்கே கேடாக முடிகிறது.

எச்ச எண்ணெய்

வெற்றிடத்திலும் ஆவியாகாமல் அடியில் தங்கும் எச்ச எண்ணெயில் அஸ்ஃபால்டீன்கள் என்னும் மிகப் பெரிய மூலக்கூறுகளும், நிக்கல், வனேடியம் ஆகிய உலோகங்களும் உள்ளன. இங்கு வலிமையான அமிலம் உதவாது. அஸ்ஃபால்டீன் ஜியோலைட்டின் துளைக்குள் நுழையாது. வெளிப்புறத்தில் உள்ள அமில மையங்களில் படிந்து கல்கரியாகும். உலோகங்கள் துளைகளை அடைத்துவிடும். எனவே எச்ச எண்ணெய்க்கு அகலமான துளைகளும் குறைந்த அமிலத்தன்மையும் கொண்ட அலுமினா வினையூக்கிகளையே பயன்படுத்துகின்றனர். 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் பிணைப்புகளை உடைப்பது பெரும்பாலும் வெப்பமே. உடைந்த துண்டுகளுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்து, அவை மீண்டும் சேராமல் காப்பதே வினையூக்கியின் பணி. எண்ணெய் எவ்வளவு கனமானதோ அவ்வளவு வலிமையான அமிலம் வேண்டும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது தெளிவான சான்று.

வெப்பமும் பாதுகாப்பும்

பிணைப்பு உடைவது வெப்பத்தை ஏற்கும் வினை. ஆனால் அதைத் தொடர்ந்து நடக்கும் ஹைட்ரஜனேற்றம் அதைவிட அதிக வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே மொத்தத்தில் ஹைட்ரஜன் பிளப்பு வெப்பம் உமிழும் செயல்முறை. வெப்பநிலை உயர்ந்தால் பிளப்பு வேகமாகும். பிளப்பு வேகமானால் மேலும் வெப்பம் வெளிப்படும். அமிலத்தன்மை மிகுந்த வினையூக்கியில் இந்தச் சுழல் கட்டுமீறும் அபாயம் அதிகம். ஆகவே கலனில் வினையூக்கியைப் பல அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குகளின் இடையே குளிர்ந்த ஹைட்ரஜனைச் செலுத்துகின்றனர். கட்டுமீறினால் அழுத்தத்தை உடனே வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு.

1997 ஜனவரி 21 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மார்ட்டினெஸ் அருகே உள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரோகிராக்கர் பிரிவில் கட்டுமீறிய வெப்பத்தால் கலனின் வெளியேற்றுக் குழாய் வெடித்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 46 பேர் காயமடைந்தனர். வினையூக்கி அடுக்குகளின் வெப்பநிலையைக் கண்காணிப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இவ்விபத்து உலகுக்கு உணர்த்தியது.

அளவிடும் முறைகள்

அமில மையங்களின் எண்ணிக்கையையும் வலிமையையும் அறிய அம்மோனியா வெளியேற்ற முறை பயன்படுகிறது. மாதிரியின் மேல் அம்மோனியாவைப் படியச் செய்து, மெல்ல மெல்ல வெப்பப்படுத்துவர். வலிமை குறைந்த மையங்கள் தாழ்ந்த வெப்பநிலையிலேயே அம்மோனியாவை விட்டுவிடும். வலிமையானவை உயர்ந்த வெப்பநிலை வரை பிடித்திருக்கும். ஆனால் பிரான்ஸ்டெட் மையம் எது, லூயி மையம் எது என்று இம்முறை பிரித்துக் காட்டாது.

அதற்குப் பிரிடினைப் படியச் செய்து அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 1545 அலைகள் என்ற இடத்தில் தோன்றும் பட்டை பிரான்ஸ்டெட் மையத்தையும், 1450 என்ற இடத்தில் தோன்றும் பட்டை லூயி மையத்தையும் குறிக்கும். பிரிடினைவிடப் பருமனான காலிடின் போன்ற காரங்களைப் பயன்படுத்தினால், பெரிய மூலக்கூறுகள் எட்டக்கூடிய மையங்கள் எத்தனை என்பதையும் அறியலாம். இவை யாவும் தூய, உலர்ந்த மாதிரியில் பெறும் அளவுகள். கலனுக்குள் அம்மோனியாவும் கல்கரியும் சூழ்ந்த நிலையில் உண்மையில் வேலை செய்யும் மையங்கள் இதைவிடக் குறைவே. எனவே ஹெக்ஸாடெக்கேன் போன்ற எளிய மூலக்கூறைச் செலுத்தி விளைபொருட்களின் பரவலைப் பார்ப்பதும் ஒரு நம்பத்தக்க சோதனையாகக் கருதப்படுகிறது.

உலோகமும் அமிலமும் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும்

1950களில் பால் வைஸ், உலோக மையமும் அமில மையமும் அருகருகே இருந்தால்தான் ஆல்கீன் விரைந்து இடம்பெயர முடியும் என்று விளக்கினார். அதிலிருந்து இரண்டையும் இயன்றவரை நெருக்கி வைப்பதே நல்லது என்ற கருத்து நீண்ட காலம் நிலவியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தையும் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. ஒய் ஜியோலைட்டையும் அலுமினாவையும் கலந்து தயாரித்த வினையூக்கிகளில், பிளாட்டினத்தை ஒன்றில் ஜியோலைட்டுக்குள்ளும் மற்றொன்றில் அதன் வெளியே அலுமினாவின் மேலும் அவர்கள் அமைத்தனர். நானோமீட்டர் அளவில் சற்று விலகியிருந்த இரண்டாவது அமைப்பில் தேவையற்ற பிளப்பு குறைந்து, கிளைத்த மூலக்கூறுகள் அதிகம் கிடைத்தன. உலோகம் ஜியோலைட்டின் ஆழத்தில் இருந்தால் ஆல்கீன்களும் அந்த ஆழத்திலேயே உருவாகி, குறுகிய துளைகளில் உள்ள அமில மையங்களிடம் சிக்கிக்கொள்கின்றன என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். வெளியே இருந்தால் ஆல்கீன்கள் மேற்பரப்புக்கு அருகில் உள்ள அமில மையங்களையே பயன்படுத்தித் திரும்பிவிடுகின்றன.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் டீசலிலும் பெட்ரோலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பி.எஸ். 6 விதி நடைமுறையில் உள்ளது. சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலை உட்பட நாட்டின் பல ஆலைகளில் ஹைட்ரோகிராக்கர் அலகுகள் இயங்குகின்றன. கந்தகம் நீங்கிய டீசலைத் தருவதோடு, கனமான எண்ணெயைப் பயனுள்ள எரிபொருளாக மாற்றுவதும் அவற்றின் பணி. ஒவ்வொரு முறை வினையூக்கியை மாற்றும்போதும், உள்ளூரில் எந்த எரிபொருளுக்குத் தேவை அதிகம், வரும் கச்சா எண்ணெயில் நைட்ரஜன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து, அதற்கேற்ற அமிலத்தன்மை உடைய வினையூக்கியே தேர்ந்தெடுக்கப்படுகிறது.